சேவைச் சான்றிதழில் ஏழு வருடம் விடுபட்டால் என்ன செய்வது?

கேள்வி: வக்கீல் ஐயா, வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறேன். 2013 மார்ச்சில் ஒரு தையல் ஆலையில் ஓவர்லாக் மெஷினிஸ்டாகச் சேர்ந்தேன். 2020 ஜூன் கடைசியில் ஆலை வேறு முதலாளி கைக்குப் போனது. கட்டடம், மெஷின், ஆட்கள் எதுவும் மாறவில்லை. போன 2024 ஆகஸ்ட் 30-ம் தேதி ஆட்குறைப்பு என்று சொல்லி நிறுத்திவிட்டு, நான்கு வாரக் கூலி கொடுத்தார்கள். சேவைச் சான்றிதழில் "2020 ஜூலை முதல்" என்றும், "ஆட்குறைப்பில் நிறுத்தப்பட்டார்" என்றும் எழுதியிருக்கிறார்கள். புதிய வேலைக்கு முழு அனுபவத்தையும் காட்ட வேண்டும். கேட்டால் இப்போதைய முதலாளி, "பழைய முதலாளியிடம் போ. இல்லையென்றால் இனி ஒன்றும் பாக்கி இல்லை என்று கையெழுத்துப் போடு, தேதியை மாற்றித் தருகிறேன்" என்கிறார். மூன்று வாரம் ஆகிவிட்டது. என்ன செய்வது?

பதில்: அம்மா, முதலில் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அவர் மறைக்கப் பார்ப்பது தேதியை மட்டும் அல்ல, உங்களுக்குச் சேர வேண்டிய ஏழு வாரக் கூலியையும்தான்.

ஒரு தொழில் நடந்துகொண்டிருக்கும் நிலையிலேயே கைமாறினால், தொழிலாளர் உறவுச் சட்டத்தின் 197-ம் பிரிவுப்படி வேலை ஒப்பந்தமும் புதிய முதலாளியிடம் தானாகவே போய்விடுகிறது. சேவைத் தொடர்ச்சி அறுவதில்லை. அதனால் சான்றிதழில் இருக்க வேண்டிய தொடக்கத் தேதி 2013 மார்ச்தான். பழைய முதலாளியிடம் உங்களை அனுப்ப இவருக்கு உரிமை இல்லை. சேர்ந்திருந்த விடுப்புக்கும் ஆட்குறைப்பு நஷ்டஈட்டுக்கும் யார் பொறுப்பு என்பதை விற்றவரும் வாங்கியவரும் தங்களுக்குள் பேசி முடித்திருக்க வேண்டும். ஒரே ஒரு விஷயத்தைச் சரிபாருங்கள்: 2020-ல் பழைய முதலாளி கணக்கை முடித்து நஷ்டஈடு கொடுத்து அனுப்பி, பிறகு உங்களைப் புதிதாக எடுத்தார்களா? அப்போது ஏதாவது கையெழுத்துப் போட்டீர்களா? போட்டிருந்தால் அந்தத் தாள் இல்லாமல் முடிவு சொல்ல முடியாது.

ஆட்குறைப்பில் போகிறவருக்குக் குறைந்தது முழுமையான ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வாரக் கூலியை நஷ்டஈடாகத் தர வேண்டும் என்கிறது வேலைவாய்ப்பு அடிப்படை நிபந்தனைகள் சட்டத்தின் 41-ம் பிரிவு. 2013-ல் இருந்து எண்ணினால் உங்களுக்கு 11 வருடம் நிறைந்திருக்கிறது. அவர் 2020-ல் இருந்து எண்ணி நான்கு வாரம் மட்டும் கொடுத்திருக்கிறார்.

சான்றிதழில் என்ன இருக்க வேண்டும் என்பதை அதே சட்டத்தின் 42-ம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது: உங்கள் முழுப் பெயர், முதலாளியின் பெயரும் விலாசமும், அந்தத் தொழிலுக்குப் பொருந்தும் பார்கெய்னிங் கவுன்சில் (முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்த தொழில்துறைக் குழு), சேர்ந்த தேதி, நின்ற தேதி, நிற்கும்போது செய்த வேலை, அப்போது வாங்கிய சம்பளம். நின்ற காரணத்தை நீங்கள் கேட்டால் மட்டுமே எழுத வேண்டும். நீங்கள் கேட்காதபோது எழுதியிருப்பதால், அந்த வரியை எடுக்கச் சொல்லலாம். ஆனால் யுஐஎஃப் (வேலையில்லாதோர் காப்பீட்டு நிதி) பணத்துக்காக முதலாளி நிரப்பும் யுஐ-19 படிவம் வேறு. அதில் காரணம் ஆட்குறைப்பு என்றே இருக்க வேண்டும். தானாக விலகியதாகக் குறித்திருந்தால் உங்கள் பணம் நின்றுபோகும், அதையும் இப்போதே வாங்கிப் பாருங்கள்.

சான்றிதழ் என்பது நற்சான்று அல்ல. "நல்ல வேலைக்காரி" என்று எழுத அவருக்குக் கடமை இல்லை, அதைக் கேட்டுப் பேச்சை வளர்க்கவும் வேண்டாம். வேலைப் பெயரில் மட்டும் கவனமாக இருங்கள். "பொது வேலையாள்" என்று போட்டுவிட்டால் 11 வருடத் தொழில் ஒரு சொல்லில் போய்விடும். "ஓவர்லாக் மெஷினிஸ்ட்" என்றே கேளுங்கள். பெயர் அடையாள அட்டையில் உள்ளபடி இருக்கட்டும். கல்யாணத்துக்கு முன் வேறு குடும்பப் பெயரில் சேர்ந்திருந்தால் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழைய ஆவணங்கள் வேறொருவருடையவை போலத் தெரியும்.

2013-ஐ நிரூபிக்க, பழைய பே-ஸ்லிப், வருடாந்தர ஐஆர்பி-5 (முதலாளி தரும் வருமான வரிச் சான்று), கூலி விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட், பிராவிடென்ட் பண்ட் கணக்கு, யுஐஎஃப் பதிவு ஆகியவற்றைத் திரட்டுங்கள். விற்பனைக்கு முன்பும் பின்பும் ஒரு பே-ஸ்லிப் வீதம் கிடைத்தால் நல்லது: வேலைப் பெயரும் கூலி விகிதமும் மாறாமல் தொடர்ந்தால், தொழில் கைமாறியதே தவிர நிற்கவில்லை என்பது தெரியும்.

பிறகு ஆங்கிலத்தில் ஒரு சிறு கடிதம் எழுதி ஈமெயிலில் அனுப்புங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். சாரம் இவ்வளவு போதும்: "நான் 2013 மார்ச் ... தேதி முதல் இந்த ஆலையில் வேலை செய்தேன். 2020-ல் தொழில் கைமாறியபோது 197-ம் பிரிவுப்படி என் சேவை தொடர்ந்தது. 42-ம் பிரிவுப்படி திருத்திய சான்றிதழை, நான் கேட்காத காரணத்தை நீக்கி, நிறுவனத்தின் தலைப்புத் தாளில் கையெழுத்துடன் ஏழு நாளில் தரவும். 41-ம் பிரிவுப்படி மீதி ஏழு வாரக் கூலியையும் தரவும்." ஏழு நாள் என்பது சட்டம் சொல்லும் கெடு அல்ல, நியாயமான அவகாசம். சான்றிதழில் சரிபார்க்கப் பேசக்கூடியவரின் போன் எண்ணும் இருக்கட்டும். உங்களை அடுத்து வேலைக்கு எடுக்கப்போகிறவர் கூப்பிடும்போது யாரும் எடுக்காவிட்டால் தாள் சரியாக இருந்தும் பயன் இல்லை.

அவர் அசையாவிட்டால் சான்றிதழுக்கு லேபர் சென்டரில் (தொழிலாளர் துறை அலுவலகம்) இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுங்கள். நஷ்டஈட்டு வழக்கை, உங்கள் ஆலை துணித் தொழில் பார்கெய்னிங் கவுன்சிலின் கீழ் வந்தால் அங்கேயும், இல்லையென்றால் சிசிஎம்ஏ-விடமும் (வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையம்) பதியலாம். சிசிஎம்ஏ கட்டணம் வாங்குவதில்லை. அங்கே எல்ஆர்ஏ 7.11 படிவம் கொடுக்க வேண்டும். அதன் நகலை முதலில் முதலாளிக்கு அனுப்பி, அனுப்பிய அத்தாட்சியையும் இணையுங்கள். அத்தாட்சி இல்லாமல் திரும்பி வரும் படிவங்கள் நிறைய.

ஒரு அவசரம் மட்டும் இருக்கிறது. ஆட்குறைப்பே நியாயமற்றது, ஆலோசனை எதுவும் செய்யாமல் நிறுத்தினார்கள் என்று நினைத்தால், நிறுத்திய நாளில் இருந்து 30 நாளுக்குள் வழக்கைப் பதிய வேண்டும். முப்பதாவது நாள் செப்டம்பர் 29. அதற்குப் பிறகு தாமதத்தை மன்னிக்கக் கோரித் தனி மனு போட வேண்டியிருக்கும். அவருடைய பதிலுக்காகக் காத்திருக்காமல் இந்த வாரமே போய்ப் பதியுங்கள்.