அம்மாவைப் பூங்காவுக்கு அனுப்பினால் மனசு மாறுமா?

கேள்வி: அம்மாவுக்கு 69 வயது. அப்பா இறந்த பிறகு, திருவையாறு வீட்டைப் பூட்டிவிட்டு மயிலாப்பூரில் எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்து எட்டு மாதமாகிறது. பேச்சு குறைந்துவிட்டது, எந்நேரமும் டிவி முன்னால்தான். பக்கத்திலேயே நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. வாக்கிங் போகச் சொன்னால், "அங்க எனக்கு யாரைத் தெரியும்?" என்கிறார். போனால் பலன் இருக்குமா டாக்டர்?

பதில்: இருக்கும். ஆனால் நீங்கள் நடையைச் சொல்கிறீர்கள், அம்மா மனிதர்களைக் கேட்கிறார். திண்ணையில் உட்கார்ந்து போவோர் வருவோரிடம் பேசியே பழகியவரை மூன்றாவது மாடியில் வைத்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. வாரம் 2 மணி நேரமாவது மரம், செடி சூழ்ந்த இடங்களில் இருந்தவர்களில் அதிகம் பேர் நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். நலமாக இருப்பவர்கள்தானே வெளியே போவார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நியாயம்தான். ஆனாலும் காலை வெளிச்சம் படுவது இரவுத் தூக்கம் சீராக உதவும்.

முதல் இரண்டு வாரம் நீங்களும் கூடப் போங்கள். நடக்கச் சொல்லாதீர்கள். தினமும் ஒரே நேரம், ஒரே பெஞ்ச், சும்மா உட்காருங்கள். தினம் பார்க்கும் முகத்திடம் யாராவது ஒருநாள் "எந்த ஊரு உங்களுக்கு?" என்று கேட்பார்கள். திருவையாறு என்று சொல்லிவிட்டால் அப்புறம் பேச்சுக்குப் பஞ்சமிருக்காது. கால்கள் பிறகு தானாக நடக்கும்.

இன்னொன்று. அங்கே கழிப்பறை திறந்திருக்கிறதா, சுத்தமாக இருக்கிறதா என்று முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள். வெளியே வர மறுக்கும் பல அம்மாக்கள் வாய்விட்டுச் சொல்லாத காரணம் இது. சென்னை வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள், தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும்.

டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறாரா? அப்படியென்றால் காதைப் பரிசோதியுங்கள், காது மந்தமானாலும் பேச்சு குறையும். தைராய்டு சுரப்போ வைட்டமின் பி12 சத்தோ குறைந்தாலும் சோர்வு வரும், இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பேரப்பிள்ளை வந்தால்கூட முகம் மலரவில்லை என்றால் பூங்காவை மட்டும் நம்பி இருக்காதீர்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது, சிகிச்சையில் நன்றாகக் குணமாகும். மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்று ஒருமுறை சொன்னாலும் அன்றைக்கே போங்கள். இரவானாலும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.