மவுஸ் ஏன் லெப்டொப்ப எழுப்புதில்ல?

கேள்வி: லினக்ஸ் போட்ட லெப்டொப். யூஎஸ்பி மவுஸ் சும்மா கிடந்தா தானா நித்திரையாகும், கிளிக் பண்ணினா எழும்பும். ஆனா முழு சிஸ்டத்தையும் சஸ்பெண்ட் பண்ணினாப் பிறகு எவ்வளவு கிளிக் பண்ணினாலும் ஒண்டும் நடக்குதில்ல. மவுஸ் பழுதா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: பழுதில்ல, காசு குடுத்துப் புதுசு வாங்கிப்போடாதேங்கோ! இது ரெண்டும் வேற வேற நித்திரை. முதலாவது ரன்டைம் சஸ்பெண்ட், மவுஸ் மட்டும்தான் படுக்கும், கேர்னல் (லினக்ஸின்ட மையப் பகுதி) முழிச்சிருக்கும், அதால கிளிக் பண்ணின உடன எழும்பத்தான் வேணும். சிஸ்டம் சஸ்பெண்ட்ல எல்லாமே படுக்கும், எழுப்புற அனுமதி வாங்கின டிவைஸ் மட்டும்தான் எழுப்பலாம், யூஎஸ்பி கீபோர்டுக்கு அது வழமையா இருக்கும், மவுஸுக்கு இல்ல.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் என்னண்டா, முழு சிஸ்டமும் படுக்கப் போகேக்க, ஏற்கனவே படுத்திருக்கிற டிவைஸ இந்த அனுமதிய மாத்துறதுக்காகவே ஒருக்கா எழுப்பித் திரும்பப் படுக்க வைக்க வேண்டி வரும். மாத்த ஒண்டுமில்லயெண்டு டிரைவர் (டிவைஸ இயக்குற மென்பொருள்) சொன்னா எழுப்பாம அப்பிடியே விடுற வசதி 2014ல, 3.16 கேர்னல்லதான் வந்தது.

மவுஸுக்கு அந்த அனுமதியக் குடுக்க, நீங்க சிஸ்எஃப்எஸ்ல (டிவைஸ்களின்ட செட்டிங்க ஃபைலாக் காட்டுற /sys ஃபோல்டர்) மவுஸின்ட பவர் (power) ஃபோல்டருக்குள்ள இருக்கிற வேக்கப் (wakeup) ஃபைல்ல 'எனேபிள்ட்' (enabled) எண்டு எழுதுங்கோ. ரீஸ்டார்ட் பண்ணினா அது போயிரும், நிரந்தரமா வேணுமெண்டா யூடெவ் ரூல் (டிவைஸக் கண்ட உடன தானா செட்டிங் போடுற விதி) ஒண்டு போடோணும்.