அம்மாவுக்கு 67 வயது, மூத்த குடிமக்களுக்குப் பாஸ்போர்ட் கட்டணத்தில் சலுகை உண்டா?

உண்டு. ஆனால் 150 ரூபாய்தான். அதுவும் இதற்கு முன் பாஸ்போர்ட்டே எடுக்காதவராக இருந்தால் மட்டும்.

36 பக்க பாஸ்போர்ட்டுக்கு வழக்கமான கட்டணம் 1,500 ரூபாய். பாஸ்போர்ட் சட்டம் வந்து 50 ஆண்டு ஆனதை ஒட்டி, 2017 ஜூனில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா சுவராஜ் 60 வயது தாண்டியவர்களுக்கும் 8 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் 10 சதவீதக் கழிவு அறிவித்தார். அதன்படி அம்மா கட்ட வேண்டியது 1,350. 60 பக்கப் புத்தகம் 2,000 ரூபாய். வருடத்துக்கு ஒருமுறை பேரக்குழந்தையைப் பார்க்கப் போகிறவருக்கு அது தேவையில்லை.

இந்தக் கழிவு புது விண்ணப்பத்துக்கு மட்டும்தான், ரீ-இஷ்யூவுக்கு, அதாவது பழைய பாஸ்போர்ட்டுக்குப் பதில் மறுபடி எடுப்பதற்கு, கிடையாது. முப்பது வருடத்துக்கு முன் எடுத்து, காலாவதியாகி, பரணில் கிடக்கும் பாஸ்போர்ட் ஒன்று இருந்தாலும் அவருக்கு அது ரீ-இஷ்யூதான், முழுக் கட்டணம்தான். 150 ரூபாய் மிச்சம் பிடிக்கலாம் என்று அதைச் சொல்லாமல் 'புதிது' என்று போட்டால் தகவலை மறைத்ததாகிவிடும், அபராதம் வரை இழுக்கும். பழசு கையால் எழுதியதாக இருந்தாலும் சரி, எடுத்துப் போங்கள்.

உண்மையில் வயதால் கிடைக்கும் பெரிய சலுகை கட்டணத்தில் இல்லை. 50 வயது தாண்டியவருக்கு இசிஆர் கிடையாது. சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும் முன் அரசின் குடிபெயர்வு அனுமதி தேவை என்பதைக் காட்டும் குறிப்புதான் இசிஆர்; பத்தாம் வகுப்பு முடித்தவருக்கும் அது வராது. அதனால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லையே என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அலைய வேண்டாம், வயதுச் சான்றே போதும். விண்ணப்பத்தில் 'நான்-இசிஆர் தகுதி உண்டா' என்ற கேள்விக்கு 'ஆம்' போடுங்கள். படிக்காதவர்தானே என்று பிள்ளைகள் 'இல்லை' போட்டுவிடுவது அடிக்கடி நடக்கிற தப்பு.

இன்னொன்று, 60 நிறைந்தவர் அப்பாயின்ட்மென்ட் இல்லாமலே பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு நேரில் போகலாம். அதற்கும் ஆன்லைனில் விண்ணப்பத்தை முடித்து ஏஆர்என் என்ற விண்ணப்பக் குறிப்பு எண் வாங்கியிருக்க வேண்டும். நேரில் வருபவர்களை எந்த நேரத்தில் எடுப்பார்கள் என்பது அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும் என்பதால், வெளியூரிலிருந்து வருகிறவர் காலை நேரமாகப் பார்த்து அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடுவதே என் யோசனை.

இனி எங்கே மாட்டும் என்று சொல்கிறேன். முதலில் பிறந்த தேதி. அம்மா வயதுக்காரர்கள் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இருக்காது, அது கட்டாயமும் இல்லை. பான், வாக்காளர் அட்டை, பள்ளி டிசி, அரசு ஓய்வூதிய ஆணை, இவற்றில் ஒன்று போதும். ஆனால் நாள், மாதம், வருடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும்.  ஆதாரில் ஒரு தேதி, பானில் ஒரு தேதி என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

அடுத்தது இனிஷியல். பாஸ்போர்ட்டில் 'ஆர். சரோஜா' என்று வராது. 'ஆர்' என்பதை விரித்து எழுத வேண்டும். அது அப்பா பெயரா, கணவர் பெயரா என்பதில் அட்டைக்கு அட்டை மாறியிருந்தால் கவுன்ட்டரில் கேள்வி வரும். சர்நேம் கட்டத்தைக் காலியாகவும் விடாதீர்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து சுற்றுலா விசா தருவதில்லை.

முகவரி விஷயத்தில், அம்மா உங்களோடு வந்து தங்கியிருக்க, ஆதாரில் இருக்கும் ஊர் முகவரியையே விண்ணப்பத்திலும் போட்டால் போலீஸ் விசாரணை அந்த ஊருக்குப் போகும், அங்கே வீடு பூட்டியிருக்கும். ஆதாரை மாற்றிவிட்டு அப்புறம் விண்ணப்பியுங்கள்.

சேவா கேந்திரத்துக்கு உள்ளே முதலில் 'ஏ' கவுன்ட்டர். போட்டோ அங்கேயே எடுத்துவிடுவார்கள், பத்து விரல் ரேகையும் எடுப்பார்கள். வயதானவர்களுக்கு ரேகை தேய்ந்து, தோல் வறண்டு, கருவியில் சரியாக விழாது. முதல் நாள் இரவு கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, காலையில் நன்றாகக் கழுவிவிட்டுப் போனால் ஓரளவு சுலபம். மருதாணி வேண்டாம். பிறகு 'பி', 'சி' கவுன்ட்டர்களில் அசல் ஆவணங்களைப் பார்ப்பார்கள். நகல் மட்டும் கொண்டு போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பணம் கட்டும் முன் தளத்தின் முகவரி 'கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே போலத் தோற்றம் காட்டி 3,000, 4,000 கேட்கும் போலித் தளங்கள் உண்டு. தட்கல் என்றால் மட்டும்தான் கூடுதலாக 2,000 ரூபாய். அம்மாவுக்கு அவசரப் பயணம் இல்லையென்றால் சாதாரண வழியே போதும்.