ட்ரவுட் தூண்டில் வாங்கப் போகிறீர்களா? முதலில் லைனைப் பாருங்கள்

கேள்வி: ஏரியில் ட்ரவுட் பிடிக்க ஃப்ளை ஃபிஷிங் கற்றுக்கொள்ள ஆசை. கடையில் விலை கூடிய ஒரு ராடைக் காட்டி, இதில் ஆரம்பித்தால் அப்புறம் மாற்றவே வேண்டாம் என்கிறார்கள். ராட், ரீல், லைன் மூன்றும் சேர்ந்த செட் அதைவிடப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. எதை வாங்கட்டும்?

பதில்: செட்டையே வாங்குங்கள். மிச்சமாகும் காசில் ஒரு பகுதியை நல்ல லைனுக்கு ஒதுக்கி வையுங்கள்.

காரணம் இதுதான். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டோ இரையோ கனமாக இருக்கும், அதை வீசினால் நரம்பு பின்னால் இழுபட்டுப் போகும். ஃப்ளையில் அந்தக் கனமே கிடையாது, இறகும் நூலும் சுற்றிய ஒரு குட்டி முள், அவ்வளவுதான். இங்கே நாம் வீசுவது லைனை, ஃப்ளை அதன் பின்னால் போய் விழுகிறது. லைன் சரியில்லை என்றால் எத்தனை விலை கொடுத்த ராடும் உதவாது.

ராடின் கைப்பிடிக்கு மேலே ஒரு எண் எழுதியிருக்கும். அது எந்த எடை லைனுக்கான ராட் என்பதைச் சொல்கிறது. 5ஆம் எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது 9 கிராம். 6ஆம் எண் என்றால் 160 கிரெய்ன், 10 கிராமுக்குக் கொஞ்சம் கூட. ஏரியில் மறைப்பே இல்லாமல் காற்று அடிக்கும் என்பதால் என் ஓட்டு 6ஆம் எண்ணுக்கு. நீளம் 9 அடி போதும். மிதவையில் உட்கார்ந்து வீசுவதாக இருந்தால் மட்டும் 10 அடி பாருங்கள், தண்ணீரோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கூடுதல் ஒரு அடிதான் லைனை மேலே தூக்கிக் கொடுக்கும்.

செட்டோடு வரும் லைனைக் கடையிலேயே சோதித்துவிடலாம். ஒரு மீட்டர் உருவி, இரு கையாலும் மெதுவாக இழுத்துப் பிடித்துவிட்டு விடுங்கள். நேராகத் தொங்கினால் வைத்துக்கொள்ளலாம். இழுத்த பிறகும் சுருள் சுருளாகவே நின்றால், வீசும்போது வளையத்துக்கு வளையம் சிக்கும், மாற்றத்தான் வேண்டும். முதல் லைன் மிதக்கும் ரகமாக, முன்பக்கம் கனமானதாக இருக்கட்டும். பெட்டியில் WF6F என்று போட்டிருக்கும்.

ரீலுக்கு அதிகம் செலவழிக்காதீர்கள். இந்த அளவு மீனுக்கு அது பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கிற இடம்தான். கைப்பிடியை இடம் வலம் மாற்ற முடிகிறதா, தனி ஸ்பூல் (லைனைச் சுற்றும் உருளை) கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். நாளைக்கு மூழ்கும் லைன் ஒன்று வாங்கத் தோன்றும், அப்போது இன்னொரு ரீல் வாங்காமல் ஸ்பூலோடு முடிந்துவிடும்.

அந்த விலை கூடிய ராட் அனேகமாக விறைப்பான ரகமாக இருக்கும். கை பழகியவர்களுக்கு அது அருமையான ராட். புதியவருக்கு அது எப்போது வளைகிறது என்றே கையில் தெரியாது. கடைக்குள் நின்று ராடை ஆட்டிப் பார்ப்பதும் வீண்தான். லைன் கோத்து வெளியே வீசிப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள், விட்டால் அது நல்ல கடை.

கேள்வி: ஆற்றிலாவது தண்ணீர் ஓடும். அசையாத ஏரியில் நின்று வீசிக்கொண்டே இருப்பதில் என்ன இருக்கிறது? வாங்கிய பிறகு மூலையில் கிடக்குமோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: தயக்கம் இருந்தால் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், கூடவே ஒரு வழிகாட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. ஆனால் ஏரி அசையாமல் இருக்கிறது என்று மட்டும் நினைக்காதீர்கள். ஆற்றில் ட்ரவுட் ஓரிடத்தில் நிற்கும், ஓட்டம் இரையைக் கொண்டுவந்து தரும். ஏரியில் அந்த வசதி இல்லாததால் மீன்தான் சுற்றி வரவேண்டும். பாசி படர்ந்த ஓரம், ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்பு, காற்று மோதுகிற கரை என்று அதற்கென ஒரு தடம் உண்டு. அந்தத் தடம் எது என்று யோசித்து, அங்கே ஃப்ளையைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறோம்.

எனக்குப் பிடித்த பகுதி லைனை உள்ளே இழுப்பது. இடது கை விரல்களில் எட்டுப் போடுவதுபோல லைனைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்போம், மிக மெதுவாக. ராடின் நுனிக்கும் தண்ணீருக்கும் நடுவே லைன் லேசாகத் தொய்ந்து தொங்கும். அந்தத் தொய்வையேதான் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், ஏனென்றால் பல நேரம் மீன் தொட்டது கைக்குத் தெரிவதற்கு முன்பே அந்தத் தொய்வு மெல்ல நேராகிவிடும். அந்த ஒரு நொடிக்காகக் காலை முழுக்க நின்றாலும் அலுக்காது. மீன் வராத நாளிலும் லைன் ஒழுங்காக விரிந்து தண்ணீரில் படுத்தாலே மனசு நிறைந்துவிடும்.

கேள்வி: 100 ஃப்ளை கொண்ட பெட்டி மலிவாக வருகிறது, வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அதில் முக்கால்வாசி ஆற்றுக்கானதாக இருக்கும். ஏரி ட்ரவுட் பெரும்பாலும் தண்ணீருக்கு அடியில்தான் சாப்பிடுகிறது, அதிலும் கொசுவைப் போன்ற மிட்ஜ் பூச்சிகளின் கூட்டுப்புழு அதற்கு முக்கியத் தீனி. அடிச்சேற்றிலிருந்து அது மெல்ல மேலே ஏறும்போது மீன் வரிசையாக எடுத்துக்கொண்டே போகும். அந்தக் கூட்டுப்புழு மாதிரி 12 முதல் 16 வரை அளவுகளில் சில (எண் ஏற ஏற முள் சிறிதாகும்), ஊசித்தட்டானின் இளம்புழு மாதிரி கொஞ்சம், கறுப்பிலும் ஆலிவ் பச்சையிலும் வூலி பக்கர் (இறகு வால் வைத்த, புசுபுசுவென்ற ஃப்ளை) 8 அல்லது 10 அளவில். ஆரம்பத்துக்கு இது தாராளம். கூட்டுப்புழுவைத் தக்கைக்குக் கீழே அசையாமல் தொங்கவிடலாம். வாங்கும்போது முள்ளின் காது பசையால் அடைபட்டிருக்கிறதா, தலைப்பக்க நூல் பிரிகிறதா என்று பாருங்கள். நுனிக்குப் பக்கத்தில் பின்னோக்கிய எதிர்முள் இல்லாத (பார்ப்லெஸ்) முள்ளாகவே கேளுங்கள். மீனை விடுவிப்பதும் சுலபம், உங்கள் காதில் மாட்டினாலும் எடுப்பது சுலபம்.

கேள்வி: பழைய ராட் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்க்கவேண்டும்?

பதில்: துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். பொதுவாக எல்லாம் ஒரே நீளம். நுனித்துண்டு மட்டும் குட்டையாக இருந்தால் அது அனேகமாக உடைந்து ஒட்டப்பட்டது. ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் பஞ்சை விட்டு இழுங்கள், இழை மாட்டினால் அங்கே லைன் அறுத்த பள்ளம் இருக்கிறது. இணைப்புகளில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். வாரண்டி பல நிறுவனங்களில் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான், அதனால் அதைக் காட்டி விலை ஏற்றினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மற்ற சாமான்களில் எது அவசியம்?

பதில்: போலரைஸ்டு கண்ணாடி. தண்ணீரின் பளபளப்பை வெட்டி அடியில் இருப்பதைக் காட்டும், பறக்கிற முள்ளிலிருந்து கண்ணையும் காக்கும், இதில் கஞ்சம் பிடிக்கவேண்டாம். அடுத்து ரப்பர் வலை, மீனின் வழவழப்புப் படலத்தை உரிக்காது. அப்புறம் ஒரு சின்ன தெர்மாமீட்டர். ட்ரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன், 20 டிகிரியைத் தாண்டினால் பிடித்துத் திரும்பத் தண்ணீரில் விட்டாலும் பிழைப்பது கஷ்டம், அன்றைக்குத் தூண்டிலை மடக்கிவிடுங்கள். மிதவையில் போனால் லைஃப் ஜாக்கெட் கட்டாயம். பல பை வைத்த சட்டையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: டிப்பெட் (ஃப்ளையைக் கட்டும் மெல்லிய நுனி நரம்பு) நைலானா, ஃப்ளோரோகார்பனா?

பதில்: மேலே மிதக்கும் ஃப்ளைக்கு நைலான், ஆழத்தில் போடுவதற்கு ஃப்ளோரோகார்பன், அது கனம் என்பதால் சீக்கிரம் அமிழும். 4X, 5X இரண்டு சுருள் போதும். 11இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும், 5X என்றால் ஆயிரத்தில் 6, கிட்டத்தட்ட 0.15 மில்லிமீட்டர். நைலான் வெயிலில் கெட்டுப்போகும், அதனால் கடையில் கண்ணாடி ஜன்னலோரம் தொங்கும் சுருளை எடுக்காமல் உள்ளே இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.