மூட்டழற்சியுள்ள குழந்தைகளின் கை: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

குழந்தைகளுக்கான வாத நோய்ப் பிரிவில் ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணியாற்றுகிறேன். வந்திருந்த கேள்விகளில் தோள் முதல் விரல் நுனி வரை சம்பந்தப்பட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். மருந்தையும் அதன் அளவையும் பற்றிய கேள்விகளை உங்கள் மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழு வயதுச் சிறுமியின் தாய், தஞ்சாவூர்: என் மகளுக்கு ஜே.ஐ.ஏ. என்று சொல்லியிருக்கிறார்கள். முழங்கால்தான் வீங்கியது. கை வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கிறது. கையைத் தனியாக ஏன் பரிசோதிக்க வேண்டும்?

அம்மா, பதினாறு வயதுக்குள் தொடங்கி, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் புலப்படாத மூட்டழற்சிக்குத்தான் ஜே.ஐ.ஏ. என்று பெயர். இந்நோயுள்ள குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் ஆர்.ஏ. ஃபாக்டர் என்ற முடக்குவாத எதிர்ப்பொருள் இருக்காது, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அளவு இயல்பாக இருக்கும்போதே ஒரு மூட்டு வீங்கியிருப்பதும் உண்டு. ஆகவே ரத்தப் பரிசோதனைத் தாளை வைத்துக் கை நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய இயலாது. குழந்தையின் வாய்ச்சொல்லும் போதாது. மணிக்கட்டின் அசைவு சிறிது சிறிதாகக் குறையும்போது குழந்தை அதைக் குறையாக உணர்வதில்லை. வேறொரு வழியைக் கண்டுபிடித்துக்கொண்டு விளையாடப் போய்விடுகிறது.

அந்த வேறொரு வழியைத்தான் நாங்கள் தேடுகிறோம். உங்கள் மகள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழும்போது எதை ஊன்றி எழுகிறாள் என்று இன்றிரவு கவனியுங்கள். உள்ளங்கையை விரித்து ஊன்றினால் நல்லது. விரல்களை மடக்கி முட்டியை ஊன்றினாலோ, முழங்கையை ஊன்றினாலோ, மணிக்கட்டு பின்னோக்கி வளையவில்லை என்று பொருள் கொள்ளலாம். பெரும்பாலும் முதலில் பறிபோவது அந்த அசைவுதான். பால் டம்ளரை இரண்டு கைகளாலும் தூக்குவது, வாளியிலிருந்து பாதி மக் தண்ணீர் மட்டும் மொள்வது, குழாயை உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளித் திறப்பது ஆகியவையும் இதே கதையைத்தான் சொல்கின்றன. “என் பிள்ளை சிறு வயதிலிருந்தே அப்படித்தான்” என்று பல தாய்மார்கள் சொல்வார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் எடுத்த வீடியோவைத் தேடிப் பார்த்தால் அப்படி இல்லை என்பது தெரிந்துவிடும்.

அதே தாய்: பரிசோதனையில் என்ன செய்வார்கள்? பயந்து அழுவாளா?

முதல் பகுதி விளையாட்டுப் போலத்தான் இருக்கும். 2006-இல் வெளியான பி-கால்ஸ் என்ற முறையில், பரிசோதிப்பவர் செய்வதைக் குழந்தை திருப்பிச் செய்ய வேண்டும். நடை, கைகள், கால்கள், முதுகு எல்லாவற்றையும் பார்த்து முடிக்க இரண்டு நிமிடங்களே போதும். கைகளை முன்னால் நீட்டுவது, திருப்பி விரல்களை மடக்குவது, கட்டைவிரல் நுனியால் மற்ற விரல் நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுவது, வணக்கம் சொல்வதுபோல் உள்ளங்கைகளைச் சேர்ப்பது, பிறகு புறங்கைகளைச் சேர்ப்பது, வானத்தைத் தொடுவதுபோல் கைகளை உயர்த்துவது, கழுத்துக்குப் பின்னால் கைகளை வைப்பது என்று அது போகும். வணக்கம் சொல்லும்போது முழங்கைகள் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒரு பக்கம் முழங்கை கீழே தொங்கினாலோ, உள்ளங்கைகளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலோ, அந்த மணிக்கட்டை கோனியோமீட்டர் என்ற கோணமானி வைத்து அளக்க வேண்டும். விரல்களின் அடிமூட்டுகளைச் சேர்த்து மெதுவாக அழுத்திப் பார்ப்பது மட்டும் சிலருக்கு வலிக்கும். அப்போது கையைப் பார்க்காமல் முகத்தைப் பார்க்க வேண்டும்.

பிசியோதெரபி மாணவர்: ஐந்து வயதுக் குழந்தையின் பிடிவலிமையை ஜமர் டைனமோமீட்டரால் அளந்தால் முள் அசையவே மாட்டேன் என்கிறது. என்ன செய்யலாம்?

அந்தக் கருவி வலிமை மிகுந்த கைகளையும் அளக்கும் வகையில் செய்யப்பட்டது, எடையும் அதிகம். கைப்பிடியை மிகக் குறுகிய நிலைக்கு மாற்றி, அடிப்பகுதியை உங்கள் கையால் தாங்கிக்கொண்டு பாருங்கள். குழந்தை நாற்காலியில் அமர்ந்து, தோள் உடலோடு ஒட்டியிருக்க, முழங்கை 90 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். நடுவில் ஓய்வு கொடுத்து மூன்று முறை அழுத்தச் சொல்லிச் சராசரியை எழுதுங்கள். அதுவும் பயன்படவில்லையெனில் முள் வைத்த பி.பி. கருவியே போதும்: கைப்பட்டையைச் சுருட்டி, 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் காற்றடைத்து, குழந்தையின் கையில் கொடுத்து அழுத்தச் சொல்லுங்கள், முள் எதுவரை ஏறுகிறது என்பதே அளவு. ரப்பர் பந்து வைத்த விகோரிமீட்டரும் நோயுள்ள கைக்கு இதமானது. ஆனால் பாதரச அளவைக் கிலோவாக மாற்றி எழுதும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒரு குழந்தைக்கு எந்தக் கருவியில் தொடங்கினோமோ அதிலேயே தொடர வேண்டும்.

இன்னொன்றையும் எழுதிவைக்க வேண்டும். எண் குறைவாக வந்தது தசை மெலிந்ததாலா, வலித்ததால் குழந்தை பாதியில் விட்டதாலா என்பதை அந்த எண் சொல்லாது. ஒவ்வொரு அழுத்தத்துக்குப் பிறகும் முகப்படங்களைக் காட்டி வலியின் அளவைக் கேட்டு, எண்ணின் பக்கத்திலேயே எழுதுங்கள். இதைச் செய்யாத குறிப்புகள் மூன்று மாதம் கழித்து யாருக்கும் உதவுவதில்லை. நானே தொடக்கத்தில் அப்படிப் பல தாள்களை வீணாக்கியிருக்கிறேன்.

ஒரு தந்தை, கோவை: கேள்வித்தாளை நிரப்பிக் கொடுத்தோம், மதிப்பெண் பூஜ்யம் என்று வந்தது. ஆனால் என் பத்து வயது மகள் பாட்டில் மூடியைத் திறக்கவும், முறுக்கைக் கையால் உடைக்கவும் சிரமப்படுகிறாள். எதை நம்புவது?

உங்கள் கண்ணை நம்புங்கள். நீங்கள் நிரப்பியது சி.எச்.ஏ.க்யூ. என்ற கேள்வித்தாளாக இருக்கும். 1994-இல் அமெரிக்காவில் வெளியான அதில் உடுத்துதல், எழுந்திருத்தல், சாப்பிடுதல், நடத்தல், சுத்தம், எட்டி எடுத்தல், பிடித்தல், பிற வேலைகள் என எட்டுப் பிரிவுகளில் 30 கேள்விகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிட்டு, ஒவ்வொரு பிரிவிலும் அதிகபட்ச எண்ணை எடுத்து, எட்டையும் கூட்டிச் சராசரி காண்பார்கள். எண் கூடக் கூடச் சிரமம் அதிகம். லேசான பாதிப்பை அது எளிதில் தவறவிட்டுவிடும் என்பது எல்லோரும் அறிந்த குறைதான். அதோடு, சாப்பிடும் பிரிவில் அது கேட்பது இறைச்சியைத் தானே வெட்ட முடிகிறதா, புதிய சீரியல் பெட்டியைத் திறக்க முடிகிறதா என்பவற்றை. நம் வீட்டுக் குழந்தையோ ஐந்து விரல்களையும் குவித்துச் சோற்றைப் பிசைந்து, உருட்டி, மணிக்கட்டைத் திருப்பி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். கத்தியைப் பிடிப்பதைவிட நுட்பமான இந்த வேலையைப் பற்றி மூல வடிவத்தில் கேள்வியே இல்லை.

ஆகவே தாளை நிரப்பிய பிறகு, உங்கள் மகளுக்குச் சிரமமான ஐந்து வேலைகளைத் தனித்தாளில் எழுதித் தெரபிஸ்டிடம் கொடுங்கள். முடிந்தால் மகளையே தனியாக ஒரு தாள் நிரப்பச் சொல்லுங்கள். பெற்றோர் சொல்வதும் பிள்ளை சொல்வதும் வேறுபடும் இடம்தான் பேச வேண்டிய இடம். நீங்கள் பழக்கத்தில் செய்து கொடுக்கும் உதவியையும் மறக்காமல் குறியுங்கள்: நீங்களே பொத்தான் போட்டுவிட்டு “சிரமமில்லை” என்று எழுதினால் அது உங்கள் விரல்களுக்குத்தான் பொருந்தும்.

இன்னொரு தாய்: பரிசோதனைக்கு மாலை நான்கு மணிக்குத்தான் நேரம் கிடைக்கிறது. பரவாயில்லையா?

காலையில் வரும் மூட்டு விறைப்பு அதற்குள் விலகியிருக்கும் என்பதால் கை உண்மையில் உள்ளதைவிட நன்றாக இருப்பதுபோல் தெரியும். வேறு நேரம் கிடைக்காவிட்டால், காலையில் எழுந்த அரை மணி நேரத்துக்குள் குழந்தை பல் துலக்குவதையும் சட்டை போடுவதையும் கைபேசியில் படமெடுத்து வாருங்கள். வலி மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

ஆசிரியை, திருநெல்வேலி: என் வகுப்பு மாணவனுக்கு இந்நோய் உண்டு. முதல் பக்கம் அழகாக எழுதுகிறான். போகப் போகக் கோணலாகிறது. சோம்பலா?

இல்லை, டீச்சர். நீங்கள் பார்த்திருப்பதே நல்ல மதிப்பீடு. மருத்துவமனையில் இரண்டு வரி எழுதச் சொல்லிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. ஐந்து நிமிடங்கள் தொடர்ந்து பார்த்து எழுதச் சொல்லி, ஒவ்வொரு நிமிட முடிவிலும் கோடிட்டு, அந்தத் தாளைப் பெற்றோரிடம் கொடுத்தனுப்புங்கள். பருமனான பேனாவும் சாய்வான எழுதுபலகையும் சிலருக்கு உதவும். தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் தேவைப்பட்டால் மருத்துவச் சான்று வேண்டும். 40 சதவீதத்துக்கும் குறைவான குறைபாடுள்ளவர்களில் எழுதச் சிரமப்படுவோருக்கென 2022-இல் மத்திய அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது; அதன் பின் விதிகள் மாறியிருக்கலாம். பள்ளித் தேர்வு வாரியங்களுக்குத் தனி நடைமுறைகள் இருப்பதால் முன்கூட்டியே விசாரியுங்கள்.

ஒரு தாய், யாழ்ப்பாணம்: மகளுக்கு டெர்மடோமயோசிடிஸ். விரல்கள் நன்றாக இருக்கின்றன. தலை வார மட்டும் முடியவில்லை.

அம்மா, தோலையும் தசையையும் தாக்கும் அந்நோயில் முதலில் பலவீனப்படுவன தோளையும் இடுப்பையும் சுற்றியுள்ள தசைகள். ஆகவே விரலை அளப்பதால் பயனில்லை. சி.எம்.ஏ.எஸ். என்ற 14 செயல்கள் கொண்ட அளவுகோலில், கைகளைத் தலைக்கு மேல் எத்தனை விநாடிகள் தாங்க முடிகிறது என்பதையும் பார்ப்பார்கள், மொத்த மதிப்பெண் 52. சீப்பைக் கூந்தலுக்குக் கொண்டுபோகும்போது அவள் தலையைக் குனிந்து கைக்குக் கொடுக்கிறாளா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ஒரு தந்தை, சேலம்: என் தாயாருக்கு முடக்குவாதம், விரல்கள் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டன. ஜே.ஐ.ஏ. உள்ள என் மகனுக்கும் அப்படி ஆகுமா?

இரண்டும் ஒரே நோயல்ல. குழந்தைகளில் பெரும்பாலும் மணிக்கட்டுதான் சுண்டுவிரல் பக்கம் சாய்கிறது. விரல்கள் அதற்கு எதிராகக் கட்டைவிரல் பக்கம் திரும்பப் பார்க்கும். வளரும் எலும்பின் முனையில் அழற்சி இருப்பதால், முன்கையின் சுண்டுவிரல் பக்க எலும்பு குட்டையாகிவிடுவதும் இதற்கு ஒரு காரணம். மாதம் ஒருமுறை ஒரே நோட்டில் அவன் கையை முன்கையோடு விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து தேதியிடுங்கள். அடுத்த முறை வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.