ஒரு நாள் ஹம்பி: வயதான பெற்றோருடன் எப்படிப் பார்ப்பது?

கேள்வி: ஜனவரியில் அப்பாவையும் (72) அம்மாவையும் (67) ஹம்பிக்கு அழைத்துப் போகிறேன். முழுதாகக் கையில் இருப்பது ஒரே நாள். தங்குவது ஹோசபேட்டையில். தனிக் காரும் கைடும் ஏற்பாடு செய்து தருவதாக ஓர் ஏஜென்சி 18 இடங்களின் பட்டியலை அனுப்பியிருக்கிறது. அதில் அஞ்சனாத்ரியும் இருக்கிறது. அனுமன் பிறந்த மலை என்று அம்மாவுக்கு அதன் மேல்தான் ஆசை. ஆனால் அவருக்கு முழங்கால் வலி. இந்தப் பட்டியல் சரிப்படுமா? கைடிடம் முன்கூட்டியே என்ன பேசிக்கொள்ள வேண்டும்?
— வாசகி, கும்பகோணம்

பதில்: சரிப்படாது. 18 இடம் என்றால் காரிலிருந்து இறங்குவதும் ஏறுவதுமே அன்றைய வேலையாகிவிடும். சிலவற்றை வெட்டிவிடுங்கள். மிச்சத்தின் வரிசையைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு: விருபாட்சர் கோயில் நடை சாத்தும் நேரம், வெயில்.

முதலில் அம்மாவின் ஆசை. அஞ்சனாத்ரி துங்கபத்திரையின் வடகரையில், ஆனேகுந்தி பக்கம் இருக்கிறது. 575 படிகள். ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும். காரில் போனால் பாலம் வழியாகச் சுற்ற வேண்டும். போய் ஏறி இறங்கித் திரும்பினால் அரை நாள் காலி. அதற்குப் பதிலாக மால்யவந்த மலை ரகுநாதர் கோயிலைச் சேர்க்கச் சொல்லுங்கள். கம்ப்ளி சாலையில், கார் கோபுரத்தருகே வரை போகும். வாலி வதத்துக்குப் பிறகு, மழைக்காலம் முடியட்டும் என்று இராமனும் இலக்குவனும் தங்கியிருந்த மலை இதுதான் என்பது ஊரார் நம்பிக்கை. கருவறைக்குள் பாறையிலேயே செதுக்கிய இராமர் அமர்ந்த கோலத்தில் இருக்கிறார். மண்டபத்தில் ராமாயண பாராயணம் இடைவிடாமல் நடக்கிறது. ஏஜென்சிப் பட்டியல்களில் இது பெரும்பாலும் இருக்காது. வாலி ஆண்ட கிட்கிந்தை இதுதான் என்று நினைத்து வருகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஹம்பியில் இல்லை.

காலை 6.45க்குக் கிளம்புங்கள். 13 கிலோமீட்டர்தான். முதல் இடம் விருபாட்சர் கோயில். இன்றும் பூசை நடக்கும் கோயில், மதியம் நடை சாத்திவிடுவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு விரிந்த கல் முற்றத்தைக் கடக்க வேண்டும். 11 மணிக்கு மேல் அந்தக் கல் காலைச் சுடும். பட்டியல்களில் இந்தக் கோயிலை மதியத்துக்குத் தள்ளிவிடுவதால்தான் பலர் வெளியே நின்று கோபுரத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். சுவாமி, பம்பா தேவி, புவனேஸ்வரி தரிசனம் முடிந்ததும் ரங்க மண்டபத்தில் அண்ணாந்து பாருங்கள். கிருஷ்ணதேவராயர் 1510இல் முடிசூட்டு விழாவையொட்டிக் கட்டிய மண்டபம் அது. விதானத்தில் பல்லக்கில் போகும், விஜயநகர அரசர்களின் குரு வித்யாரண்யரும் மச்ச யந்திரத்தைக் குறிவைக்கும் அர்ஜுனனும் இருக்கிறார்கள். பின்பக்க இருட்டு அறையில் ராஜகோபுரத்தின் நிழல் சுவரில் தலைகீழாக விழும். மந்திரம் இல்லை: சின்னத் துளை வழியே ஒளி நேர்கோட்டில் வருவதால் மேலிருப்பது கீழேயும் கீழிருப்பது மேலேயும் விழுகிறது. மேகமூட்டமான நாளில் மங்கிவிடும்.

டிபன் முடித்து 8.45க்கு விட்டலர் கோயிலுக்குக் கிளம்பலாம். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில் தெரியும், ஆற்றோரம் நடந்தால் 2 கிலோமீட்டர்தான். ஆனால் கார் கமலாபுரம் சுற்றித்தான் போக முடியும், கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர். பாறைப் பாதையில் பெற்றோரை நடக்கவைக்காதீர்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து கோயில் இன்னும் ஒரு கிலோமீட்டர்; பேட்டரி வண்டி உண்டு. சனி, ஞாயிறு என்றால் 10 மணிக்கு மேல் வண்டிக்கு வரிசை நீளும். நுழைவுச் சீட்டு இந்தியர்களுக்கு 40 ரூபாய், 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். சீட்டை எறிந்துவிடாதீர்கள். அன்றைக்கே லோட்டஸ் மஹால் வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் அதுவே செல்லும்.

இங்கே ஒன்றரை மணி நேரம் கட்டாயம் ஒதுக்குங்கள். ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேர் இதுதான். ‘ஒரே கல்லில் செதுக்கியது’ என்று சொல்லும் கைடுகள் உண்டு. அப்படியில்லை. பல கருங்கற்களை அடுக்கி, இணைப்புக் கோடுகளைச் செதுக்கு வேலைக்குள் மறைத்திருக்கிறார்கள். அது உண்மையில் கருடாழ்வார் சன்னதி. மேலே செங்கல் விமானம் இருந்தது. 1856இல் எடுத்த புகைப்படத்தில் அதைப் பார்க்கலாம். முன்னால் நிற்கும் யானைகளுக்குப் பின்னே குனிந்து பாருங்கள், குதிரையின் பின்னங்காலும் வாலும் தெரியும். முதலில் அங்கே இருந்தவை குதிரைகள்; யானைகள் பிறகு வந்து சேர்ந்தவை. இசைத் தூண்களைத் தட்டக் கூடாது. ஆயிரக்கணக்கானோர் தட்டித் தட்டிக் கல் சேதமானதால்தான் தடை. ‘யாரும் பார்க்கவில்லை, ஒரு தட்டுத் தட்டுகிறேன்’ என்று கைடு சொன்னால், வேண்டாம் என்று நீங்களே தடுத்துவிடுங்கள்.

11 மணிக்குத் திரும்பும் வழியில் மால்யவந்தம், பிறகு கமலாபுரம் அருங்காட்சியகம். முற்றத்தில் ஹம்பி முழுவதன் மாதிரி இருக்கிறது. மலைகளுக்கும் ஆற்றுக்கும் நடுவே நகரம் எப்படி உட்கார்ந்திருந்தது என்று அப்பாவுக்கு அங்கே விளங்கிவிடும். வெள்ளிக்கிழமை விடுமுறை, உங்கள் நாள் வெள்ளியாக அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டுவிட்டு 3 மணிவரை ஓய்வு. இதில் மட்டும் கைடு அவசரப்படுத்த இடம் கொடுக்காதீர்கள்.

மாலையில் அரண்மனைப் பகுதி. லோட்டஸ் மஹால், 11 குவிமாட அறைகள் கொண்ட யானைக் கொட்டில், ராமாயணக் காட்சிகள் சுவரெங்கும் ஓடும் ஹசார ராமர் கோயில், மகாநவமி மேடை. ‘அரண்மனை என்றார்களே, வெறும் அடித்தளம்தானே இருக்கிறது?’ என்று பெற்றோர் ஏமாறக்கூடும். மேல்கட்டு மரத்தாலானது, 1565 தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் படை தோற்ற பின் நகரம் சூறையாடப்பட்டபோது எரிந்துபோனது. கோயில்கள் கல் என்பதால் நின்றன. மேடைமேல் அம்மா ஏற வேண்டாம், கீழே பக்கவாட்டுச் சிற்பங்களே போதும். பக்கத்திலிருக்கும் படிக்குளத்தின் கறுப்புக் கற்களில் கொத்தர்கள் இட்ட குறிகள் உண்டு. எந்தக் கல் எந்த வரிசையில், எந்தத் திசையில் என்பதற்கான அடையாளம் அது. வேறிடத்தில் செதுக்கி வந்து இங்கே பூட்டியிருக்கிறார்கள்.

4.45க்கு நரசிம்மர். 6.7 மீட்டர் உயரம், ஆண்டு 1528. ‘உக்கிர நரசிம்மர்’ என்பார்கள். அது லட்சுமி நரசிம்மர். மடியில் இருந்த தாயார் சிலை சிதைந்துவிட்டது, ஆனால் அவரைத் தழுவிய கை மட்டும் சுவாமியின் முதுகில் இன்னும் இருக்கிறது. பக்கவாட்டில் போய் நின்று பாருங்கள். அடுத்து தண்ணீருக்குள் நிற்கும் படவிலிங்கம். கிருஷ்ணன் கோயிலை வெளியிலிருந்து பார்த்தால் போதும். உதயகிரியை வென்று கிருஷ்ணதேவராயர் கொண்டுவந்த பாலகிருஷ்ணர் சிலை நம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது.

சூரியன் மறையும் வேளைக்கு ஹேமகூடக் குன்று. விருபாட்சர் பக்கமிருந்து ஏறினால் செங்குத்து. தெற்கே, கடலெகாளு கணேசர் பக்கம் காரை நிறுத்தினால் சரிவு மெதுவாக இருக்கும். ஜனவரியில் 6 மணிவாக்கில் இருட்டத் தொடங்கும், மேலே விளக்கில்லை. டார்ச் எடுத்துப் போங்கள்.

கைடிடம் பேச வேண்டியவை. சுற்றுலாத் துறையின் அடையாள அட்டையின் படத்தை முன்னதாகவே கேட்டு வாங்குங்கள். சில கார்களில் டிரைவரே கைடு வேலையும் பார்ப்பார். அவர் வாசலில் நின்றுகொண்டு ‘உள்ளே போய்ப் பாருங்கள்’ என்பார். தமிழ் தெரிந்த கைடு அரிது, ‘கொஞ்சம் வரும்’ என்பதை நம்ப வேண்டாம். அப்பாவைப் போனில் ஐந்து நிமிடம் பேசவிடுங்கள், கல் தேர் ஒரே கல்லா என்றும் கேட்கச் சொல்லுங்கள். பதிலிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். கட்டணம் எத்தனை மணி நேரத்துக்கு, மதிய ஓய்வும் அதில் அடக்கமா, நுழைவுச் சீட்டும் பேட்டரி வண்டியும் யார் கணக்கு, கடைகளில் நிறுத்தக் கூடாது: இவை நான்கையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொண்டு, அதன் பிறகு முன்பணம் அனுப்புங்கள்.