வாசகர் கேள்வி – பதில்: சென்னை வெள்ளமும் அரசுத் துறைகளும்

வடகிழக்குப் பருவமழை நெருங்குவதால் இந்த இதழில் வெள்ளத் தடுப்பு பற்றிய கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நீர்வளம், மழைநீர் வடிகால், பேரிடர் மேலாண்மை ஆகியவற்றை நன்கு அறிந்த பொறியாளர்கள் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: தெருவில் தண்ணீர் நின்றால் மாநகராட்சி, நீர்வளத் துறையைக் காட்டுகிறது. அவர்கள் வனத் துறையைச் சொல்கிறார்கள். அங்கே போனால் நெடுஞ்சாலைத் துறை என்கிறார்கள். யார்தான் பொறுப்பு? – வாசகி, வேளச்சேரி

ஒவ்வொருவர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. உங்கள் வாசலில் விழும் மழை கடலுக்குப் போகும் வழியைப் பாருங்கள். தெருவோர வண்டல் தொட்டியும் மழைநீர் வடிகாலும் மாநகராட்சியுடையவை. அதே தெருவுக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாயும் மேன்ஹோலும் குடிநீர் வாரியத்துடையவை. வடிந்த நீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போகிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியல்) சேர்ந்த அந்த நிலத்தைப் பாதுகாப்பது வனத் துறை. தென்சென்னையின் 31 ஏரிகளின் உபரி நீரும் அங்கேதான் வந்து சேர்கிறது. அது வெளியேற உள்ள முக்கிய வழி ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி. மடுவும் அதை அடுத்த பக்கிங்காம் கால்வாயும் நீர்வளத் துறையிடம் இருக்கின்றன. மடுவின் மேலுள்ள பாலம் சாலைத் துறைக்காரர்களுடையது. மெட்ரோ ரயில் பணியும் அதே இடத்தில்தான் நடக்கிறது. கடைசியில் தண்ணீர் கடலில் சேரும் முட்டுக்காடு முகத்துவாரம்.

ஒவ்வொரு துறையும் தன் பகுதியைத் தூர்வாரியிருக்கலாம். ஆனால் தண்ணீர் நிற்பது பெரும்பாலும் ஒரு துறையின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில்: வடிகால் கால்வாயில் சேரும் வாய், சாலைக்கு அடியில் போகும் சிறுபாலம், ரயில் பாதையைக் கடக்கும் குழாய். யாருடைய தூர்வாரும் பட்டியலிலும் அந்தப் பத்தடி வராது. ஆகவே பருவமழைக்கு முன் துறைகள் சேர்ந்து தயாரிக்க வேண்டியது வடிகால்களின் பட்டியலை அல்ல, இந்த இணைப்பு இடங்களின் பட்டியலை. ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே ஒரே ஒரு பொறியாளரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் யாரும் வரமாட்டார்கள்.

நீங்களும் ஒன்று செய்யலாம். மழை விட்டதும் சிறுபாலத்தின் இரு பக்கமும் நீர்மட்டத்தைப் பாருங்கள். மேல்பக்கம் மூன்றடி, கீழ்ப்பக்கம் ஓரடி என்றால் அடைப்பு அந்தப் பாலத்துக்குள் இருக்கிறது. இரு பக்கமும் ஒரே மட்டம் என்றால் அடைப்பு இன்னும் கீழே எங்கோ இருக்கிறது. அடுத்த பாலத்துக்கு நடந்து போய்ப் பாருங்கள். மட்டம் மாறும் இடத்தைப் படம் எடுத்து, நேரத்தையும் நீர் ஓடும் திசையையும் எழுதிப் புகார் கொடுங்கள். ‘எங்கள் தெருவில் தண்ணீர்’ என்ற புகாரைத் தட்டிக்கழிப்பது எளிது, இதைத் தட்டிக்கழிக்க முடியாது.

கேள்வி: புயல் வருவது நாலு நாள் முன்பே தெரிகிறதே. செம்பரம்பாக்கம் ஏரியை முன்னதாகவே காலி செய்தால் 2015 மறுபடி வராது அல்லவா? – வாசகர், குன்றத்தூர்

கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். ஏரியின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. கடைசி இரண்டடியில் மட்டும் சுமார் 600 மில்லியன் கன அடி இருக்கிறது. விநாடிக்கு 1,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் வெளியேறுவது 86.4 மில்லியன் கன அடி. அதாவது அந்த இரண்டடியைக் குறைக்க ஏழு நாள் வேண்டும். 5,000 கன அடி திறந்தால் ஒன்றரை நாளுக்குள் முடியும், ஆனால் ஏரியிலிருந்து வெளியேறும் அந்த நீர் அடையாற்றில்தான் போகும். பெருமழை அப்போது தொடங்கினால் ஆற்றில் அந்த அளவு இடம் குறைந்திருக்கும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 600 மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 1,700 கோடி லிட்டர். நகரத்தின் குடிநீர் வழங்கலை நாளொன்றுக்கு நூறு கோடி லிட்டர் என்று வைத்துக்கொண்டால், பதினேழு நாளைய தண்ணீர். புயல் திசைமாறிப் போய்விட்டால் அந்தத் தண்ணீர் போனது போனதுதான். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு நகரம் பட்ட பாட்டைக் குடிநீர் வாரியம் மறக்காது, மறக்கவும் கூடாது. ஏரி நிறைந்திருக்க வேண்டும் என்பது வாரியத்தின் தேவை. இடம் காலியாக இருக்க வேண்டும் என்பது வெள்ளத் தடுப்பின் தேவை. மதகைத் திறக்கும் பொறியாளர் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறார்.

2015 டிசம்பர் 1-ம் தேதி வெளியேற்றம் விநாடிக்கு 29,000 கன அடி அளவுக்குப் போனது. அந்த அளவு வரத்து இருக்கும்போது மதகுகளை மூடி வைத்திருந்தால், மேலே சொன்ன 600 மில்லியன் கன அடி இடம் ஆறு மணி நேரம்கூடத் தாங்காது. இடம் இருந்தால் வெள்ளத்தின் உச்சம் தள்ளிப்போகும், குறையும். வெள்ளம் இல்லாமல் போகாது. இன்னொன்று: அந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை. ஆதனூர், மண்ணிவாக்கம், மணிமங்கலம் பக்கமிருந்து அடையாற்றில் இறங்கிய தண்ணீருக்கு மதகும் கிடையாது, பூட்டும் கிடையாது.

ஆகவே உருப்படியான வழி, முன்கூட்டியே எழுதிவைத்த இயக்க விதி. எந்த மாதத்தில் எத்தனை அடி வரை நிரப்பலாம், எத்தனை செ.மீ. மழை முன்னறிவிப்பு வந்தால் எவ்வளவு திறக்க வேண்டும், திறப்பதற்கு எத்தனை மணி நேரம் முன்பு எந்த ஆட்சியருக்கு, எந்த மாநகராட்சிக்குச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். 2020 நவம்பரில் நிவர் புயலின்போது நீர்மட்டம் 22 அடியைத் தொட்டதும், முன்னெச்சரிக்கை கொடுத்து, 1,000 கன அடியில் தொடங்கித் திறந்தார்கள். அந்த வரிசை சரியானது. நள்ளிரவில் ஒருவர் மற்றொருவரின் உத்தரவுக்காகக் காத்திருக்கும் நிலை வரவே கூடாது.

கேள்வி: போன ஆண்டு புது மழைநீர் வடிகால் கட்டினார்கள். பழையபடியே தண்ணீர் நிற்கிறது. ஏன்? – வாசகர், கொளத்தூர்

முதலில் அது எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பல இடங்களில் வடிகால் இரண்டு ஒப்பந்தங்களாகப் பிரிக்கப்பட்டு, நடுவே முப்பது, நாற்பது அடி கட்டாமல் நிற்கும். மின்சாரக் கேபிளோ குடிநீர்க் குழாயோ குறுக்கே வந்திருக்கும்; அதை நகர்த்த வேண்டிய துறைக்குப் பணம் கட்டியிருக்க மாட்டார்கள், அல்லது கட்டியும் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். சில இடங்களில் குழாயை நகர்த்தாமல் வடிகாலுக்குள்ளேயே விட்டுச் சுவர் எழுப்பிவிடுவார்கள். குப்பை முதலில் சிக்குவது அதில்தான்.

அடுத்தது மட்டம். கடலோர நகரத்தில் சரிவு மிகக் குறைவு. ஆயிரத்துக்கு ஒன்று என்ற சரிவில்கூட ஒரு கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறங்கியாக வேண்டும். வடிகாலின் அடிமட்டம் கால்வாயின் வெள்ள மட்டத்துக்குக் கீழே இருந்தால், மழை நாளில் கால்வாய்த் தண்ணீர் வடிகாலுக்குள் திரும்பி ஏறும். இந்தத் தவறு எப்படி நேர்கிறது? மாநகராட்சியின் ஒப்பந்ததாரர் தெருமுனையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து அளப்பார். நீர்வளத் துறையின் வரைபடம் கடல் மட்டத்திலிருந்து அளந்ததாக இருக்கும். செம்பரம்பாக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். செய்தித்தாள் சொல்லும் 24 அடி ஏரியின் ஆழம். பொறியாளர் ஏட்டில் அதே நிறைமட்டம் கடல் மட்டத்துக்கு மேல் 85.40 அடி. எல்லாத் துறைகளும் கடல் மட்டத்தையே அடிப்படையாக வைத்து, இணைப்பு இடங்களில் மட்ட எண்ணைப் பெயிண்டால் எழுதிவைத்தால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். செலவும் ஒன்றுமில்லை.

மூன்றாவது, கழிவுநீர். வீட்டு இணைப்பை மழைநீர் வடிகாலில் விட்டுவிட்டால் ஆண்டு முழுவதும் அடியில் கசடு படியும். மூன்றடி ஆழ வடிகாலில் ஓரடி கசடு நின்றால் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமாகக் குறையும், ஏனென்றால் மீதித் தண்ணீரின் வேகமும் குறைகிறது. இணைப்பைத் துண்டிக்க மாநகராட்சி வந்தால் மட்டும் போதாது. அதே நாளில் குடிநீர் வாரியம் கழிவுநீர்க் குழாயில் இணைப்புக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒரே வாரத்தில் இரவோடு இரவாகப் பழைய துளை திறந்துவிடும்.

கேள்வி: எங்கள் பகுதி ஊராட்சி. பக்கத்தில் தாம்பரம் மாநகராட்சி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம். இவர்களை எல்லாம் சேர்த்து உட்காரவைக்க யாருக்கு அதிகாரம்? – வாசகர், முடிச்சூர்

2005-ம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் ஆட்சியர். எந்தத் துறையின் இயந்திரத்தையும் ஆளையும் கேட்டு வாங்க அவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது அவருடைய மாவட்ட எல்லையோடு நின்றுவிடும். அடையாறு காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னை மாவட்டங்கள் வழியே போகிறது. ஆகவே முடிவு மாநில ஆணையத்தின் மட்டத்தில்தான் எடுக்கப்பட வேண்டும். 2021 நவம்பர் மழைக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி வெ. திருப்புகழ் தலைமையில் அரசு அமைத்த ஆலோசனைக் குழு, ஒரு துறையை மட்டும் பார்க்காமல் சென்னைப் பெருநகர்ப் பகுதி முழுவதையும் எடுத்துக்கொண்டதன் காரணமும் இதுதான். 2025-ல் வந்த சட்டத் திருத்தம் மாநிலத் தலைநகரங்களுக்கும் மாநகராட்சி உள்ள நகரங்களுக்கும் தனி நகர்ப்புறப் பேரிடர் ஆணையம் அமைக்க வழிசெய்கிறது. அது நல்லதுதான், ஆனால் மாநகராட்சி எல்லைக்கு வெளியே உள்ள உங்கள் ஊரை அது மறந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை செய்யும் வரிசையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தூர்வாருவது கடலிலிருந்து மேல்நோக்கி நடக்க வேண்டும்: முதலில் முகத்துவார மணல்திட்டு, பிறகு ஆறு, கால்வாய், கடைசியாகத் தெரு வடிகால். மேலே முதலில் அகலப்படுத்தினால் தண்ணீர் வேகமாக வந்து கீழே உள்ள ஊரை மூழ்கடிக்கும். ஒப்பந்தப் புள்ளிகள் துறைவாரியாகத் தனித்தனியாகப் போவதால், யாருக்குப் பணம் முதலில் வந்ததோ அவர் முதலில் தோண்டுகிறார். இதைத் தடுக்க ஒரே கால அட்டவணை போதும், ஆனால் அதில் எல்லாரும் கையெழுத்திட வேண்டும். அள்ளிய வண்டலைக் கரையிலேயே கொட்டிவிட்டுப் போகக் கூடாது. முதல் மழையிலேயே அது திரும்ப உள்ளே விழும்.

உங்கள் ஊரில் 1913 உதவாது. அது பெருநகர சென்னை மாநகராட்சியின் எண். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070.

கேள்வி: ரெட் அலர்ட் என்றால் எங்கள் தெரு மூழ்கும் என்று பொருளா? – வாசகி, மடிப்பாக்கம்

இல்லை. 24 மணி நேரத்தில் 204.5 மி.மீ.-க்கு மேல் பெய்தால் வானிலை ஆய்வு மையம் அதை அதிகனமழை என்று வகைப்படுத்துகிறது. சிவப்பு எச்சரிக்கை பெரும்பாலும் அதையொட்டி வரும். நிறம் அரசுத் துறைகள் எந்த அளவு தயாராக வேண்டும் என்பதைக் காட்டுகிறது. உங்கள் தெரு மூழ்குமா என்பது அந்த மழை எத்தனை மணி நேரத்தில் கொட்டுகிறது, அப்போது கடல் ஏற்றத்தில் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்தபோது, ஆறுகள் கொண்டுவந்த நீரைக் கடல் எளிதில் உள்வாங்கவில்லை. மாநில அரசின் வானிலை எச்சரிக்கைச் செயலியான டிஎன்-அலர்ட்டைக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீடு கட்டப்போகிறேன். மனையை நாலடி உயர்த்தச் சொல்கிறார்கள். செய்யலாமா? – வாசகர், மாங்காடு

தாழ்வான இடங்களில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று எந்த மட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று சொல்லும். அந்த மட்டத்தை மீறாதீர்கள். நீங்கள் நிரப்பும் ஒவ்வொரு கன அடி மண்ணும் ஒரு கன அடி தண்ணீரைப் பக்கத்து மனைக்குத் தள்ளுகிறது. மனை முழுவதையும் நிரப்புவதைவிடத் தூண்கள் மீது வீட்டை உயர்த்திக் கீழ்த்தளத்தை வாகனத்துக்கு விடுவது நல்லது. மின் மீட்டரையும் மோட்டார் சுவிட்சையும் பழைய வெள்ளத் தடத்துக்கு மேலே வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் ஏரியின் கலங்கலை (உபரி நீர் வழிந்து வெளியேறும் சுவரை) யாரோ உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். யாரிடம் சொல்வது? – வாசகர், படப்பை

ஏரியின் ஆயக்கட்டு, அதாவது அதனால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். நிலம் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேட்டில் (கிராம நிலங்களின் பதிவேடு) புல எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். கலங்கலை உயர்த்தினால் கரைக்கு ஆபத்து. உடையும்போது கீழே உள்ள ஊருக்கு எச்சரிக்கை கொடுக்கக்கூட நேரமிருக்காது. ஆகவே புகாரை ஏரிக்குரிய துறையின் உதவிப் பொறியாளருக்கும் வட்டாட்சியருக்கும் ஒரே நாளில் கொடுத்து, இரண்டு மனுவிலும் மற்றவருக்கு நகல் அனுப்பியதைக் குறிப்பிடுங்கள். அளவெடுக்க வருவாய்த் துறையின் நில அளவரும் நீர்வளத் துறை அல்லது ஒன்றியத்தின் பொறியாளரும் ஒன்றாக வர வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் எல்லைக்கல்லைப் பார்ப்பார், மற்றவர் கலங்கலின் மட்டத்தைப் பார்ப்பார். கோப்பு மீண்டும் இரண்டு மேசைகளுக்கு நடுவே நிற்கும்.